எட்டு வாரப் பயிற்சி

கொச்சியில் மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் அந்தக் கம்பெனி வாசலுக்கு வந்ததும் சிவசங்கரன் குடையை மடக்கினார். செருப்பில் ஒட்டியிருந்த சேற்றைப் படிக்கல்லில் தேய்த்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். பத்தடி பின்னால் முப்பிடாதி நின்றுகொண்டிருந்தாள். கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை, ஊதாக் கரை, மார்போடு அணைத்துப் பிடித்த ஒரு நோட்டு. அவளிடம் குடை இல்லை. இருந்தும் புடவை அவ்வளவாக நனையவில்லை. கடைகளின் கூரை இறவாணத்தை ஒட்டியே நடந்து வந்திருக்கிறாள். மணி எட்டே முக்கால். ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். வரச் சொன்னது ஒரு பெண்ணை என்பது கம்பெனிக்கு இன்னும் தெரியாது.

சிவசங்கரன் கல்லூரியில் வணிகப் பிரிவின் ஆசிரியர். டிப்ளமோ வகுப்புக்குக் கடைசி வருஷத்தில் எட்டு வாரம் ஏதாவது ஒரு கம்பெனியில் உட்கார்ந்து வேலை பழக வேண்டும், பழகியதற்குச் சான்றிதழ் கொண்டுவந்தால்தான் பரீட்சை எழுதலாம் என்று மேலே யாரோ விதி செய்திருந்தார்கள். விதி செய்தவர்களுக்கு மட்டாஞ்சேரி தெரியாது. யார் வீட்டு வாசலில் போய் நிற்பது என்ற கேள்வி வந்தபோது ஆசிரியர்கள் எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். சிவசங்கரன் மட்டும் பிரின்சிபால் முகத்தைப் பார்த்துத் தொலைத்தார். அன்றிலிருந்து மூன்று வருஷமாக மே, ஜூன் மாதங்களில் அவர் வாத்தியார் இல்லை. பெண்ணைப் பெற்றவன் வரன் தேடி அலைவதைப் போல மிளகுக் கம்பெனி, கயிற்றுக் கம்பெனி, கப்பல் ஏஜெண்டு என்று ஏறி இறங்கி, வெலிங்டன் தீவுக்குப் படகேறிப் போய்த் தேயிலைத் தரகர்களின் பியூன்களுக்கெல்லாம் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தார். பாலக்காட்டிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் என்ன உத்தியோகம் என்று கேட்டால் என்ன சொல்வதென்று அவருக்கே சந்தேகம் வந்துவிடும்.

இந்த வருஷம் இருபத்திரண்டு பேர். இருபத்தொரு பையன்களுக்கு எப்படியோ இடம் கிடைத்துவிட்டது. மிச்சம் இருந்தது முப்பிடாதி. வகுப்பில் ஒரே பெண், வகுப்பில் முதல் மார்க்கும் அவள்தான். பதினொரு கம்பெனிகளில் அவளுக்காகக் கேட்டாயிற்று. எல்லோரும் முதலில் வேறு வேறு காரணம் சொன்னார்கள். பேச்சு நீண்டால் குரலைத் தாழ்த்தி ஒரே காரணத்துக்கு வந்து சேர்ந்தார்கள்: இங்கே பெண்களுக்குக் கக்கூஸ் இல்லை ஸாரே. மிளகு வியாபாரி ஒருவர் மட்டும் வேறு மாதிரி சொன்னார். அவர் கடையில் விலை பேசுவது வாயால் இல்லை. வாங்குபவரும் விற்பவரும் கைகளைத் துண்டால் மூடிக்கொண்டு, ஒருவர் விரலை ஒருவர் பிடித்து விலை சொல்வார்கள். சுற்றி நிற்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. "எங்க தொழிலைப் படிக்கணும்னா துண்டுக்கடியில கையை விடணும். உங்க பெண்குட்டி யார் கையைப் பிடிப்பாள்?" என்று அவர் கேட்டபோது சிவசங்கரனுக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

அதன் பிறகுதான் அவர் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு தந்திரம் செய்தார். பட்டியலைத் தட்டச்சு செய்யும்போது குமாரி என்ற அடைமொழியை விட்டுவிட்டு, வெறும் எஸ். முப்பிடாதி என்று அடித்து அனுப்பினார். திருநெல்வேலிப் பக்கம் இந்தப் பெயரை ஆணுக்கும் வைப்பார்கள், பெண்ணுக்கும் வைப்பார்கள். கொச்சியில் அந்தப் பெயரைப் பார்த்தால் எவனுக்கும் மீசைதான் நினைவுக்கு வரும். ஒரு தடவை உள்ளே போய் உட்கார்ந்துவிட்டால் பிறகு யாருக்கும் எழுந்து போ என்று சொல்ல மனசு வராது என்று அவர் கணக்குப் போட்டார். அவள் வீட்டிலிருந்து நடந்தே வரலாம் என்பதற்காக இந்தச் சுக்குக் கம்பெனியைத் தேர்ந்தெடுத்தார். கம்பெனி பெயரைக் கேட்டதும் அவள், "வேற எடம் இல்லியா ஸார்?" என்றாள். "இதுவே அதிர்ஷ்டம்" என்று சொல்லி அவர் அந்தப் பேச்சை முடித்துவிட்டார். ஏன் கேட்கிறாய் என்று அவளைக் கேட்டிருக்க வேண்டும். ஊரெல்லாம் கேட்டுக் கேட்டுக் களைத்துப்போன மனிதருக்கு அந்த ஒரு கேள்வி மட்டும் வாயில் வரவில்லை.

மாடி ஆபீசில் மானேஜர் ராமபத்ரன் எழுந்து நின்று வரவேற்றார். திருப்பூணித்துறைக்காரர். நெற்றியில் சந்தனம், மேசையில் வெற்றிலைப் பெட்டி, யாரிடமும் குரலை உயர்த்தாத சுபாவம்.

"வாங்கோ ஸாரே, வாங்கோ. பையன் எங்கே?"

சிவசங்கரன் ஒதுங்கி நின்றார். முப்பிடாதி கைகூப்பினாள். எட்டுக் குமாஸ்தாக்களின் பேனாக்களும் ஒரே நேரத்தில் நின்றன.

"இதாக்கும் முப்பிடாதியா?" ராமபத்ரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் மாட்டிக்கொண்டார். "சதிச்சுட்டேளே ஸாரே! பாண்டிநாட்டிலேர்ந்து ஒரு தடிப்பையன் வருவான், சாக்கு எண்ண ஆச்சுன்னு நெனைச்சுண்டிருந்தேன்."

"நன்னாப் படிக்கற குட்டி. டைப்பிங் தெரியும். ஒரு மூலையில இருந்துப்பள்."

"கொழப்பமில்லை, கொழப்பமில்லை. வந்தவாளைத் திருப்பி அனுப்பறது நம்ம வழக்கமில்லை" என்றார் ராமபத்ரன். வெளி வராந்தாவில் ஒரு நாற்காலி போடச் சொன்னார். தன் கையாலேயே விசிறியை அவள் பக்கம் திருப்பி வைத்தார். நல்ல மனுஷர். சிவசங்கரன் அன்று கம்பெனிப் படியிறங்கும்போது தன் தந்திரத்தை நினைத்துத் தானே கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொண்டார். எதிர்க்கடையில் ஒரு சாயா குடித்து, நாலு வருஷமாக விட்டிருந்த வெற்றிலையும் போட்டுக்கொண்டார்.

பயிற்சிக்குப் போன மாணவர்களை அவ்வப்போது போய்ப் பார்ப்பதும் அவர் வேலைதான். நான்காம் நாள் போனபோது அவள் அதே நாற்காலியில், அதே மாதிரி நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தினமும் என்ன செய்தோம் என்று எழுத வேண்டிய நோட்டு அது. வாங்கிப் பார்த்தார். முதல் நாள்: கம்பெனியைச் சுற்றிப் பார்த்தேன். இரண்டாம் நாள்: பத்திரிகை வாசித்தேன். மூன்றாம் நாள்: நேற்றைய பத்திரிகை வாசித்தேன்.

"என்ன இது?"

"பொய் எழுதலாமா ஸார்?" என்று அவள் கேட்டாள். குத்தலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். உதடுகள் வெடித்து வெளுத்திருந்தன. மேசையில் வைத்த சாயா ஆடை படிந்து ஆறிப்போயிருந்தது. குடிக்கவில்லையா என்றதற்கு வேண்டாம் என்று தலையாட்டினாள். சிவசங்கரன் பாலம் வரைக்கும் நடந்து போன பிறகுதான் அவருக்கு விஷயம் புரிந்தது. காலை எட்டரையிலிருந்து சாயங்காலம் ஐந்தரை வரை அந்தப் பெண் ஒரு வாய் தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் எங்கே போவாள்? அவருக்கு அங்கேயே மழையில் நின்றுவிடத் தோன்றியது. ஆனால் அன்று மூன்று மணிக்குள் ஆலப்புழைக்குப் போக வேண்டியிருந்தது. அங்கே கயிற்றுக் கம்பெனியில் விட்ட இரண்டு பையன்கள் மேலாளரோடு சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டார்கள். அதைச் சரிக்கட்டித் திரும்பவும், வழியில் நனைந்த காய்ச்சல் இறங்கவும் இரண்டரை வாரம் ஓடிவிட்டது.

மறுபடி அவர் போனபோது வராந்தா நாற்காலியில் சாம்பிள் பைகள் அடுக்கியிருந்தன.

"கீழே இருக்காள்" என்றார் ராமபத்ரன், அவர் முகத்தைப் பார்க்காமல்.

ஆபீசுக்குப் பின்னால், காயல் தண்ணீரை ஒட்டி நீளமான தகரக் கொட்டகை. கம்பெனிச் சுக்கு முழுவதும் அங்கேதான் தரம் பிரிப்பார்கள். நூறு பெண்களுக்கு மேல் வரிசை வரிசையாகத் தரையில் உட்கார்ந்து, சுண்ணாம்பு பூசிய சுக்கை முறத்தில் அள்ளி, நல்லதை ஒரு பக்கமும் சொத்தையை ஒரு பக்கமும் தள்ளிக்கொண்டிருந்தார்கள். தகரத்தின்மேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே நுழைந்ததும் காரமான தூசி மூக்கில் ஏறி அவருக்கு அடுக்குத் தும்மல் வந்தது. நாலைந்து பெண்கள் சிரித்தார்கள். மூன்றாம் வரிசையில் ஒருத்தி மட்டும் எழுந்து நின்றாள். பழைய சீட்டிப் புடவை. முழங்கை வரைக்கும் வெள்ளை. தன் மாணவியை அடையாளம் கண்டுபிடிக்க அவருக்கு நேரம் பிடித்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்ததும் மூக்கும் தாடையும் அப்படியே இருப்பது தெரிந்தது.

"எங்கம்மை ஸார்" என்றாள் முப்பிடாதி. "பேச்சின்னு பேரு."

இந்தக் கொட்டகையில் பதினெட்டு வருஷமாகச் சுக்குப் பொறுக்குகிறவள் அவள் அம்மா என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. இருபது கம்பெனி இருக்கிற ஊரில், இவளை யாரென்றே தெரியாத ஒரு இடத்தில் உட்கார வைத்திருந்தால் அவள் வெறும் ஒரு பெண், அவ்வளவுதான். இங்கே அவள் பேச்சி மகள். அந்த இடத்துக்குக் கையைப் பிடிக்காத குறையாகக் கூட்டிவந்து விட்டவர் அவர்.

"ஏன் சொல்லலை நீ?"

"நீங்க அவ்வளவு அலைஞ்சு வாங்கின எடம் ஸார்" என்றாள். பிறகு நடந்ததைச் சொன்னாள். ஆபீசில் யாரும் அவளை ஒன்றும் சொல்லவில்லை. தரகர்கள் வந்தால் மட்டும் வராந்தாவிலிருந்து கொஞ்சம் தள்ளிப் போய் நிற்கச் சொல்வார்கள். அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டு நாள் ஆள் வராவிட்டால் மேஸ்திரி அந்த இடத்தில் வேறு ஆளை உட்கார வைத்துவிடுவான். மகள்தான் மாடியில் சும்மா இருக்கிறாளே, இறங்கி வரட்டும் என்று அவன் சொன்னான். "ரெண்டு நாளைக்குன்னுதான் எறங்கினேன் ஸார். அம்மைக்குச் சொகமாயிட்டு. திரும்ப மேல போனேன். நாற்காலியில பை வச்சிருந்தாக. எடுங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல்ல."

பேச்சி முறத்தைக் கீழே வைக்காமலே பேசினாள். "நாங்க நூத்துச் சொச்சம் பொம்பளைய இருக்கோமய்யா இங்க. அந்தா இடிஞ்சு கெடக்குல்லா, வள்ளம் நிறுத்துற கொட்டாய், அதுக்குப் பின்னாலதான் போறோம் வாறோம். எங்க போறீயன்னு பதினெட்டு வருசமா ஒருத்தரும் எங்ககிட்டக் கேட்டதில்ல. எம்மவ மேல போயி நாக்காலியில உக்காந்தா, உடனே எல்லாருக்கும் அந்த விசாரம் வந்துட்டு."

அவளிடம் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. இருந்தால் தேவலை என்று அவருக்குத் தோன்றியது.

படியேறி மாடிக்குப் போய் அவர் கேட்டார். மூன்று வருஷமாகக் கெஞ்சிப் பழகிய குரலுக்குக் கோபப்படத் தெரியவில்லை. ராமபத்ரன் அவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

"நான் என்ன செய்யட்டும் பறையுங்கோ. மேல வரச் சொல்லலாம். ஆனா சுக்குப் பொறுக்கற பெண்ணோட ஒரே மேசையில எங்களை இருக்கச் சொல்றேளான்னு இவா எட்டுப் பேரும் கேக்கறா. எட்டுப் பேரையும் பகைச்சுண்டு நான் எப்படி ஜோலி பாக்கறது?" பிறகு அவர் கையைத் தொட்டார். "நீங்க விஷமிக்க வேண்டாம், மனசைப் போட்டு வருத்திக்க வேண்டாம். எட்டு வாரமும் இங்க ஆபீஸ்ல இருந்தாள்னு நான் சர்ட்டிபிகேட்ல ஒப்புப் போட்டுத் தரேன். குட்டி பரீட்சை எழுதட்டும். அதுக்குத்தானே எல்லாம்?"

சிவசங்கரன் அதோடு விட்டுவிடவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். மறுநாளே வெலிங்டன் தீவுக்குப் படகேறினார். ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் இரண்டு மணி நேரம் காத்திருந்து, பாதிப் பயிற்சியில் வேறு ஆளை எடுப்பதில்லை என்று கேட்டுக்கொண்டு திரும்பினார். பழைய பதினொரு வாசல்களில் நாலைந்தில் மறுபடியும் போய் நின்றார். கடைசியில் பிரின்சிபாலிடம் போய் உள்ளதைச் சொன்னார். பிரின்சிபால் பொறுமையாகக் கேட்டார்.

"சான்றிதழ் தருகிறேன் என்கிறார்கள் அல்லவா?"

"தருவா. ஆனா அது பொய்."

"நீர் உண்மையை எழுதினால் என்னாகும்? பயிற்சி செல்லாது. அவள் பரீட்சை எழுத முடியாது. அந்தக் கம்பெனி தன் கிளைகளையும் சேர்த்து வருஷத்துக்கு நாலு பையன்களை எடுக்கிறது. அடுத்த வருஷம் எடுக்காது." பிரின்சிபால் அடுத்த காகிதத்தை எடுத்தார். "அடுத்த வருஷம் பெண்களைச் சேர்க்கும்போது கொஞ்சம் யோசிக்கலாம்."

அந்த நாலு பையன்களைப் பற்றித் தானும் ஏற்கெனவே யோசித்துவிட்டதை நினைத்துச் சிவசங்கரன் வெட்கப்பட்டார். அன்று வீட்டில் மனைவி கனகாம்பாள் பரிமாறிய சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். உடம்பு சரியில்லையா என்று அவள் கேட்டதற்குச் சரியாகத்தான் இருக்கிறது என்றார். அதற்கு மேல் அவளிடம் சொல்ல ஒன்றும் இல்லை. எல்லோருமே நல்லவர்களாக இருக்கும்போது யாரைப் பற்றிப் புகார் சொல்வது?

கர்க்கடக மாசத்து மழையில் ஒரு சனிக்கிழமை எட்டாம் வாரம் முடிந்தது. சான்றிதழ்ப் படிவத்தை எடுத்துக்கொண்டு போனார். ராமபத்ரன் பெயர், தேதி எல்லாம் நிரப்பிவிட்டு நடுவில் இருந்த பெரிய கட்டத்தில் பேனாவை நிறுத்தினார். பயிற்சியில் கற்ற வேலைகள் என்று அதற்குமேல் அச்சிட்டிருந்தது.

"இதை நீங்களே எழுதிடுங்கோ ஸாரே. அந்தப் பாஷையெல்லாம் உங்களுக்காக்கும் வரும்."

சிவசங்கரன் பேனாவை வாங்கிக்கொண்டார். பிறகு எழுதினார். அழகாகவே எழுதினார். எழுதும்போது ஒரு வினோதமான வேகம் வந்து, கட்டத்துக்குள் இடம் போதாமல் கடைசி வரியை நெருக்கி எழுத வேண்டியிருந்தது. ராமபத்ரன் கையெழுத்துப் போட்டு, முத்திரையை ஊதி ஊதிக் குத்தினார்.

"பரீட்சை முடிஞ்சதும் ஆபீஸ்ல ஏதாவது ஒரு இடம் காலியானா, இவளை..." என்று சிவசங்கரன் ஆரம்பித்தார்.

"ஜோலியா? அந்தக் கவலையே வேண்டாம்." ராமபத்ரனின் முகம் நிஜமாகவே மலர்ந்தது. "மேஸ்திரிக்கு அவளை ரொம்பப் பிடிச்சுப் போச்சு. நல்ல வேகக் கையாம். ஓணம் கழிஞ்சும் நிரந்தரமா வெச்சுக்கறேன்னு பறஞ்சான். நேத்தைக்கு அவகிட்டயும் சொல்லியாச்சு."

சிவசங்கரன் நன்றி சொன்னார். பழக்கம், வாய் தானாகவே சொல்லிவிட்டது.

கொட்டகைக்குள் நுழைந்தபோது இந்தத் தடவை அவருக்குத் தும்மல் வரவில்லை. முப்பிடாதி எழுந்திருக்கவில்லை. காகிதத்தை நீட்டினார். அவள் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள்.

"சுண்ணாம்பு ஸார். வாசிங்க."

ஆங்கிலத்தில் இரண்டு வரி வாசித்தார். "எங்களுக்கும் வெளங்குற மாதிரிச் சொல்லுங்கய்யா" என்றாள் பேச்சி. அக்கம்பக்கத்துப் பெண்கள் முறத்தை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். அவர் ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னார். வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்குக் கடிதம் எழுதப் பழகினாள். கப்பல் சரக்குப் பத்திரங்கள் தயாரிக்கப் பழகினாள். தபால்களைப் பதிந்து ஒழுங்காக அடுக்கப் பழகினாள். அலுவலகத்தில் அவளுடைய வேலை மிகவும் திருப்தியாக இருந்தது.

யாரோ ஒரு கிழவிதான் முதலில் சிரித்தாள். பிறகு அது பக்கத்து வரிசைக்குப் போயிற்று. மலையாளத்துப் பெண்களுக்கு யாரோ மொழிபெயர்த்துச் சொல்ல, அவர்களும் வாயில் துணியை வைத்துக்கொண்டு குலுங்கினார்கள். அவரைக் கேலி செய்யவேண்டும் என்று யாரும் சிரிக்கவில்லை. இத்தனை வாரமாக அவர்கள் நடுவில் உட்கார்ந்திருந்தவள் இவ்வளவு காரியமும் செய்திருக்கிறாள் என்பது அவர்களால் தாங்க முடியாத வேடிக்கையாக இருந்தது. முப்பிடாதியும் சிரித்தாள். சிரிக்கச் சிரிக்க அவளுக்கு இருமல் வந்தது, கண்ணில் நீர் வந்தது. புறங்கையால் துடைத்தபோது கன்னத்தில் வெள்ளையாக ஒரு கோடு விழுந்தது. பேச்சி மட்டும் சிரிக்கவில்லை. மகள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிரிப்பு அடங்கியதும் முப்பிடாதி எட்டிக் காகிதத்தைப் பார்த்தாள். தொடவில்லை. இரண்டு வருஷம் கரும்பலகையில் பார்த்த எழுத்து அவளுக்குத் தெரியாமல் போகுமா?

"கையெழுத்து ஒங்களுதுல்லா ஸார்" என்றாள்.

அவர் தலையசைத்தார். கொட்டகை ஓரத்திலிருந்து மேஸ்திரியின் சத்தம் கேட்டது. பெண்கள் முறங்களை எடுத்துக்கொண்டார்கள்.

"கடுதாசி எழுதினேன்னு சொன்னீகல்லா, அத இன்னொரு தடவ வாசிங்க ஸார்."

மழையிலும் முறங்களின் ஓசையிலும் ஒன்றும் கேட்கவில்லை. சிவசங்கரன் குனிந்து, காகிதத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, வகுப்பில் வாசிக்கிற குரலில் சத்தமாக வாசிக்க ஆரம்பித்தார். முப்பிடாதி அவர் வாயைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் கைகள், அவள் பார்க்காமலே, சுக்கை எடுத்து விரலால் ஒருமுறை தடவி, நல்லதை வலப்பக்கமும் சொத்தையை இடப்பக்கமும் போட்டுக்கொண்டிருந்தன.